கையைத் தூக்கிய அந்தப் பிள்ளைக்காக

கம்பஸ் புரோகிராமிங் விரிவுரையில் கேள்வி கேட்ட ஒரு பிள்ளையை எல்லார் முன்னாலும் விரிவுரையாளர் அவமானப்படுத்திய அந்த வீடியோவைப் பற்றி மூன்று நாளாக ஒன்றும் எழுதாமல் இருந்தேன். எல்லாரும் பார்த்துவிட்டீர்கள், அதனால் இங்கே மறுபடி போடவில்லை. கேள்வி கேட்ட பிள்ளையின் முகம் அதில் தெளிவாகத் தெரிகிறது. பகிர்ந்தவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள். எந்தக் கம்பஸ், யார் அந்த சேர் என்று கொமென்டில் கேட்கவும் வேண்டாம், சொல்லவும் மாட்டேன். என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த மனிதர் இல்லை, அவர் சொன்ன வசனம்: "இது சிலருக்கு வரும், சிலருக்கு வராது. வராதவர்கள் இப்போதே வேறு பாடத்துக்குப் போவது நல்லது."

அந்தப் பிள்ளை கேட்டது என்ன? ஒரு ஃபங்ஷன், அதாவது புரோகிராமில் ஒரு வேலையைச் செய்யும் துண்டு, தன்னையே கூப்பிடும்போது, முதல் இருந்த பெறுமானம் எங்கே போகிறது, திரும்பி வரும்போது எப்படி அப்படியே இருக்கிறது என்று கேட்டாள். இப்படித் தன்னையே கூப்பிடுவதை ரிகர்ஷன் என்போம். அதைப் படிப்பிக்கிற யாருக்கும் இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. மூன்றின் ஃபெக்டோரியலை, அதாவது 3 × 2 × 1 எவ்வளவு என்று கேட்டால் அது இரண்டினுடையதைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கும். இரண்டு ஒன்றைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கும். ஒவ்வொன்றும் தன் எண்ணைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, கோப்பைக்கு மேல் கோப்பை அடுக்கியது போலக் காத்திருக்கும். கடைசியாக வைத்த கோப்பைதான் முதலில் எடுபடும். இதைப் பலகையில் வரைய ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை அவர் அந்தப் பிள்ளையை அவமானப்படுத்தச் செலவழித்தார்.

திரும்பத் திரும்பச் சொல்வேன், கோபப்படாதீர்கள். புரோகிராமிங் யாருக்கும் பிறவியில் வருவதில்லை. அது படிப்பிக்கக் கூடிய விஷயம். படிப்பிக்கத்தான் வேண்டும்.

இந்தச் "சிலருக்கு வரும், சிலருக்கு வராது" கதைக்கு ஒரு காலத்தில் ஆராய்ச்சி என்ற பெயரும் இருந்தது. 2006இல் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தில் சயீத் தெஹ்நாதி, ரிச்சர்ட் போர்னட் என்ற இருவர் ஒரு கட்டுரையைச் சுற்றுக்கு விட்டார்கள். ஒட்டகத்துக்கு இரண்டு திமில் என்பது அதன் தலைப்பு. பரீட்சைப் புள்ளிகளை வரைபடமாக வரைந்து பார்த்தால் தேறுகிறவர்கள் ஒரு மேடு, தேறாதவர்கள் இன்னொரு மேடு என்று அர்த்தம். பாடம் தொடங்கும் முன்பே ஒரு சின்னச் சோதனை வைத்து யார் எந்த மேட்டில் நிற்பார் என்று சொல்லிவிடலாம் என்றார்கள். ஆசிரியர்களுக்கு அது எவ்வளவு வசதியான முடிவு என்று யோசித்துப் பாருங்கள். உலகம் முழுக்கப் பரவியது. 2014இல் போர்னட் தானே முன்வந்து அந்த முடிவைத் திரும்பப் பெற்றார். அது அவ்வளவாகப் பரவவில்லை. 2016இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் 778 கணினிப் பாடப் புள்ளிப் பட்டியல்களை ஆராய்ந்தபோது, ஒன்றுக்கு மேற்பட்ட மேடு இருந்தது ஆறு வீதத்துக்கும் குறைவானவற்றில்தான்.

அந்தச் சோதனையின் ஒரு கேள்வியைச் சொல்கிறேன். ஏ = 10. பீ = 20. அடுத்த வரியில் ஏ = பீ. இப்போது ஏ எவ்வளவு, பீ எவ்வளவு?

இணைந்த கணிதம் செய்து இசட் புள்ளியில் மேலே வந்த ஒரு பிள்ளை இதைப் பார்த்துத் திகைத்தால் அது மொக்கா? ஆண்டு ஒன்றிலிருந்து பதின்மூன்று வருடம் அந்த '=' குறிக்கு "சமன்" என்ற ஒரே அர்த்தத்தைத்தான் நாங்கள் அந்தத் தலைக்குள் ஏற்றியிருக்கிறோம். பத்தும் இருபதும் எப்படிச் சமனாகும் என்று அது கேட்கிறது. சரியான கேள்வி. இந்த வரியை வலமிருந்து இடமாகப் படி, பீக்குள் இருப்பதைப் பிரதி எடுத்து ஏக்குள் போடு, பழையது அழிந்துபோகும் என்று யாராவது வாயைத் திறந்து சொல்ல வேண்டும். நான் படித்த இடத்தில் முதல் செமஸ்டரில் ஒருவரும் சொல்லவில்லை. மாறிகள் என்று தலைப்பிட்ட ஸ்லைட் வந்தது, வாசிக்கப்பட்டது, போனது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் மொழிமூலம் உயர்தரம் எழுதிவிட்டு, வெள்ளவத்தையில் ஒரு அறையில் இன்னும் இரண்டு பிள்ளைகளோடு தங்கிப் படித்தவள் நான். வீட்டில் கொம்பியூட்டர் இருந்ததில்லை. முதல் வருடம் சீ (C) என்ற புரோகிராமிங் மொழி. பயனரிடமிருந்து ஓர் எண்ணை வாங்கிக் காட்டும் ஒரு சின்னப் புரோகிராம், எட்டு வரி. ஓட்டினால் "செக்மென்டேஷன் ஃபோல்ட்" என்று விழுந்துவிடும். இரண்டு மாலைகள் அதோடு இருந்தேன். லெப்பில் இருந்தவரிடம் கேட்டேன். திரையைப் பார்க்காமலே, "ஸ்லைட் பதினான்கைப் பார்" என்றார். ஸ்லைட் பதினான்கு எனக்கு மனப்பாடம். அதில் இருந்ததற்கும் நான் எழுதியதற்கும் என்ன வித்தியாசம் என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. அதைத்தானே கேட்கப் போனேன்?

மூன்றாம் நாள் இரவு குப்பியில்தான் விளங்கியது. வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களுக்காக: இலங்கைக் கம்பஸ்களில் பிள்ளைகள் பரீட்சைக்கு முன் கூடியிருந்து, தெரிந்தவர் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைக் குப்பி என்போம். அந்தக் காலத்தில் குப்பி விளக்கைச் சுற்றி உட்கார்ந்து படித்ததால் வந்த பெயர் என்று சீனியர்கள் சொல்வார்கள். எங்களுக்கு மேல் பெட்ச் அக்கா ஒருத்தி வந்தாள். என் கோடைப் பார்த்தாள். மாறியின் பெயருக்கு முன்னால் போடவேண்டிய 'அன்ட்' (&) குறியை நான் போடவில்லை. உடனே திருத்தித் தரவில்லை அவள். ஒரு ஏ4 தாளின் பின்பக்கத்தில் ஒரு பெட்டி கீறினாள். உள்ளே ஐந்து என்று எழுதினாள். பெட்டிக்கு மேலே ஓர் இலக்கம் எழுதினாள். "இது வீடு. இது வீட்டு விலாசம். எண்ணை வாங்கிப் போடுகிற ஃபங்ஷன் ஒரு தபால்காரன். கடிதத்தை எங்கே போடுவது என்று அவன் உன்னிடம் விலாசம் கேட்கிறான். நீ வீட்டுக்குள் இருக்கிற சாமானைத் தூக்கிக் கொடுக்கிறாய். அவன் அதையே விலாசம் என்று நினைத்து யாருடையதோ வீட்டுக் கதவைத் தட்டுகிறான். அங்கேதான் அடி விழுகிறது."

பென்சிலை என் கையில் தந்து, "இப்ப நீ கீறு" என்றாள். அந்த வருடம் முழுவதும் எனக்குக் கிடைத்த படிப்பித்தல் அதுதான். நான் எழுதியதை ஒருவர் பார்த்தது, எங்கே பிழையாக நினைக்கிறேன் என்று கண்டுபிடித்தது, என் கையாலேயே திருத்த வைத்தது. பொயிண்டர், அதாவது இந்த விலாச விஷயம், எனக்கு வராது என்று அதுவரை நம்பியிருந்தேன். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

இப்போது வரப்போகும் கொமென்டுகளுக்கு வருகிறேன்.

"எங்கள் காலத்தில் யூடியூப்பும் இல்லை, ஒன்றும் இல்லை, நாங்களாகவே படித்து வந்தோம்." வணக்கம் அண்ணா. உங்கள் உழைப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் உங்களோடு முதல் வருடத்தில் இருந்து, பிறகு காணாமல் போனவர்களின் பெயர் ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. என் அறையில் இருந்த மூன்று பேரில் ஒருத்தி முதல் வருட ரிப்பீட் எழுதி, மறுபடி எழுதி, விட்டுவிட்டுப் போனாள். என்னைவிடக் கெட்டிக்காரி. அவளுக்கு அந்த இரவில் அந்த அக்கா கிடைக்கவில்லை, வேறொன்றும் இல்லை. 15 நாடுகளில் 161 ஆரம்பப் பாடநெறிகளைப் பார்த்து 2014இல் வந்த ஆய்வில் சராசரித் தேர்ச்சி 67.7 வீதம். மூன்றில் ஒருவர் விழுகிறார். மூன்றில் ஒருவருக்கு மூளை இல்லை என்று சொல்ல உங்களுக்கு மனம் வருகிறதா?

"ஒரு விரிவுரையாளருக்கு இருநூறு பிள்ளைகள். என்ன செய்வார்?" இதுதான் நியாயமான கேள்வி. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை விரிவுரையாளர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். மிஞ்சி இருப்பவர்கள் மேல் எவ்வளவு சுமை என்றும் தெரியும். அவர்களில் சிலர் என் நண்பர்கள், இரவு பன்னிரண்டு மணிக்கு விடைத்தாள் திருத்துகிறவர்கள். அவர்களைப் பார்த்து நான் இதை எழுதவில்லை. ஆனால் இருநூறு பேர் இருந்தாலும் செய்யக் கூடியவை உண்டு. ஹார்வர்டில் எரிக் மஸூர் என்ற பௌதிகவியல் பேராசிரியர் 1990களிலேயே பெரிய மண்டபத்தில் செய்து காட்டியிருக்கிறார். ஒரு கேள்வியைப் போடு. எல்லாரும் தனியாக விடை சொல்லட்டும், கை உயர்த்தினால் போதும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடட்டும். மறுபடி விடை கேள். இதற்கு என்ன செலவு? கணினிப் பாடத்துக்கும் இதே முறையை எத்தனையோ இடங்களில் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு புரோகிராமின் வரிகளைக் கலைத்துப்போட்டு ஒழுங்காக அடுக்கச் சொல்லும் பயிற்சியை 2006இல் நியூசிலாந்திலிருந்து இருவர் கொண்டுவந்தார்கள். அதைத் தாளில் அச்சடித்துக் கொடுக்கலாம், கரண்ட் இல்லாவிட்டாலும் நடத்தலாம். 2014இல் 225 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். விஞ்ஞான, கணித, பொறியியல் பாடங்களில் வெறும் விரிவுரை கேட்கிற பிள்ளைகள், வகுப்பில் ஏதாவது செய்ய வைக்கப்படும் பிள்ளைகளைவிட ஒன்றரை மடங்கு அதிகமாகப் பெயிலாகிறார்கள். இருநூறு பேரைத் தனித்தனியாகப் பார்க்க முடியாது, சரி. ஆனால் ஐம்பது ஸ்லைட்டை வாசித்து முடிக்க வேண்டும் என்று யார் கட்டாயப்படுத்தினார்கள்?

"இப்போதைய பிள்ளைகள் எல்லாவற்றையும் சட்ஜிபிடியில் கேட்டுக் கொப்பி அடிக்கிறார்கள்." அடிக்கிறார்கள், உண்மை. மனிதரிடம் கேட்டால் சிரிப்பார்கள், அது சிரிக்காது. வேறு எங்கே போவார்கள்?

சிரிப்பைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அந்த வீடியோவை நீங்கள் சத்தத்தோடு கேட்டீர்களா? அவள் தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் கேட்கிறாள். ஒரு சொல் வரவில்லை. பின்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். சேர் சிரிப்பை அடக்கவில்லை, தானும் சேர்ந்துகொள்கிறார். அதற்குப் பிறகுதான் அந்த வசனம். எனக்கு வசனத்தைவிட அந்தச் சிரிப்புத்தான் இன்னும் காதுக்குள் இருக்கிறது. பதின்மூன்று வருடம் தமிழில் கணிதம் படித்து, தமிழில் யோசித்து, தமிழில் பரீட்சை எழுதி வந்த பிள்ளை. சிங்கள மொழிமூலம் வந்த பிள்ளைகளுக்கும் இதே கதைதான், என் பெட்ச்சிலேயே பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் படிக்கத்தான் வேண்டும், இந்தத் தொழிலுக்கு அது தேவை, நான் மறுக்கவில்லை. ஆனால் சொல் கிடைக்காமல் தடுமாறுவதை மூளை இல்லாததாகக் கணக்குப் போட யாருக்கும் உரிமை இல்லை.

ஸ்லைட் பதினான்கு என்று சொன்ன நாளுக்குப் பிறகு, கம்பஸில் இருந்த மிச்சக் காலம் முழுக்க ஒரு விரிவுரையிலும் நான் கை உயர்த்தவில்லை. ஒரு தடவைகூட இல்லை. அவருக்கு அது ஞாபகம் இருக்காது. அவர் கெட்ட மனிதரும் இல்லை, அன்றைக்குக் களைத்திருப்பார். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இது கம்பஸோடு முடிவதும் இல்லை. போன வருடம் என் டீமில் புதிதாக வந்த ஒரு தம்பி, ஒரு பிழையை இரண்டு நாள் மறைத்து வைத்திருந்தான். மூன்றாம் நாள் வாடிக்கையாளர் பக்கம் வேலை நின்றபோதுதான் தெரிந்தது. பத்து நிமிட வேலை. ஏனடா முதலிலேயே கேட்கவில்லை என்றேன். "கேட்டால், இதுகூடத் தெரியாதா என்பீர்கள் என்று நினைத்தேன் அக்கா" என்றான். நல்ல வகுப்புச் சித்தி எடுத்த பிள்ளை. நான் திட்டவில்லை. திட்ட எனக்கு வாய் வரவில்லை. நாலு வருடம் காசும் காலமும் செலவழித்து அவனுக்கு நாங்கள் நன்றாகப் படிப்பித்தது இந்தப் பயத்தைத்தான்.

சிலர் உள்பெட்டியில் வந்து, நம் ஆட்களை நாமே பொதுவெளியில் விமர்சிக்கலாமா என்று கேட்டார்கள். அந்தப் பிள்ளையும் நம் ஆள்தான். அவளை மண்டபம் முழுக்கப் பார்க்க வைத்தபோது இந்தக் கேள்வியை ஏன் யாரும் கேட்கவில்லை?

தங்கச்சி, இது உன் கண்ணில் படுமோ தெரியாது. உன் வகுப்பில் யாராவது பார்த்தால் அவளிடம் காட்டுங்கள். சனிக்கிழமைகளில் பின்னேரம் நாலு மணிக்கு வெள்ளவத்தையில் என் வீட்டில் குப்பி நடக்கிறது. இப்போது ஆறு பேர் வருகிறார்கள். காசு இல்லை, பிளேன்டீ உண்டு. தமிழிலும் கேட்கலாம். உள்பெட்டியில் ஒரு வரி எழுது, விலாசம் அனுப்புகிறேன். லேப்டொப் வேண்டாம். ஒரு பென்சில் மட்டும் கொண்டு வா. இந்தக் கிழமை உன் கேள்வியில்தான் தொடங்கப் போகிறோம்.