புளியரை மேல தெரிஞ்சது சுனாமி மேகம் இல்லை

அண்ணாச்சி, நேத்து சாயந்தரம் புளியரை மலைக்கு மேல சுருண்டு நின்ன அலை மேகத்தைப் போட்டு, "நூறு வருசத்துக்கு ஒருக்கா வரும், பூகம்பமோ சுனாமியோ வரப்போகுதுன்னு அர்த்தம்"னு எழுதியிருக்கீங்க. படம் நிஜம்தான், நானும் பார்த்தேன். விளக்கம்தான் தப்பு.

அது கெல்வின்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் மேகம். 1868-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1871-ல் கெல்வின்னு ரெண்டு விஞ்ஞானிங்க கணக்குப் போட்டுச் சொன்ன விஷயம். கீழே குளிர்ந்த, கனமான காத்து மெதுவா நகரும். அதுக்கு மேல லேசான காத்து வேகமா ஓடும். ரெண்டும் உரசுற இடத்துல அலை எழும்பி, மேல்காத்து அதோட தலையைப் பிடிச்சு முன்னால மடக்கிடும். குண்டாறு அணைத் தண்ணியில காத்தடிச்சா அலை எழும்புதே, அதே மாதிரிதான். அந்த இடத்துல மேகம் இருந்தா நம்ம கண்ணுக்குத் தெரியும், இல்லேன்னா தெரியாது, அவ்வளவுதான்.

அபூர்வம்னு தோணுறதுக்குக் காரணம் அதோட ஆயுசு. டீக்கடை வாசல்ல நின்னு எண்ணினப்ப அஞ்சு கொண்டை இருந்துச்சு. செல்லை எடுக்குறதுக்குள்ள மூணு. டீ ஆறுறதுக்குள்ள வெறும் பஞ்சு.

பூமிக்கடியில நடக்குற எதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. 2004 சுனாமி சுமத்ரா பக்கம் கடலுக்கடியில வந்த பூகம்பத்தால வந்தது. இந்த மேகத்தைப் பார்த்துக் கவலைப்படணும்னா விமானிதான் படணும், அங்கே காத்து குலுக்கி எடுத்துடும்.

இன்னொண்ணு: நீங்க போட்ட ரெண்டாவது படம் இது இல்லை. அடிப்பக்கம் கொந்தளிக்கிற கடல் மாதிரி இருக்கிறது ஆஸ்பெரிட்டாஸ்ங்கிற வேற மேகம். ரெண்டுமே உலக வானிலை அமைப்போட மேக அட்லஸ்ல 2017-ல்தான் சேர்ந்துச்சு. சுருள் அலைக்கு அதுல ஃப்ளக்டஸ்னு பேரு.