ஆமாம், என் புத்தகத்தை நான்தான் விக்கிறேன்

அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. பார்க்காதவங்களுக்கும் இந்நேரம் யாராவது வாட்ஸப்பில் அனுப்பியிருப்பாங்க. அதனால முழுக்கதையும் சொல்லப் போறதில்லை. புத்தகக் காட்சி மேடை. மூத்த எழுத்தாளர் ஐயா. பக்கத்தில், ரெண்டே நாவல் போட்ட ஒரு பொண்ணு. "நாவலை விட ரீல்ஸ் நிறைய போடறீங்களேம்மா, எழுத எப்போ நேரம் கிடைக்குது?"ன்னு அவகிட்ட ஐயா கேட்டார். கூட்டம் சிரிச்சது. அந்தப் பொண்ணும் சிரிச்சா. அதோட விட்டிருந்தா நானும் கடந்து போயிருப்பேன். அடுத்த வரிதான் தாங்கல. "எழுத்தாளன் கூவி விக்கக் கூடாது. நல்ல எழுத்து தானே வாசகனைத் தேடிப் போகும்."

எப்படிப் போகும் ஐயா? பஸ் பிடிச்சா?

கோபம் ஆறட்டும், நிதானமா எழுதலாம்னு தள்ளிப் போட்டேன். ஆறல. இருக்கிற நிதானத்தை வச்சு எழுதறேன்.

சொல்ல வந்தது ஒண்ணுதான். என் புத்தகத்தை நான்தான் விக்கணும். வேற யாரும் விக்க மாட்டாங்க. எழுதறது பாதி வேலைன்னா இது மீதிப் பாதி.

ஐயா எழுத வந்த காலத்தை எடுத்துக்குவோம். அப்போ வாரப் பத்திரிகைகள் லட்சக்கணக்கில் வித்தது. அதில் ஒரு தொடர் ஆரம்பிச்சா முதல் வாரத்துக்கு முந்தின வாரமே அறிவிப்பு வரும். பெட்டிக்கடையில் தொங்கற வால்போஸ்டரில் பேர் இருக்கும். நல்ல ஓவியரைப் பிடிச்சு கதாநாயகியை வரைய வைப்பாங்க, பாதிப் பேர் அந்தப் படத்துக்காகவே வாங்குவாங்க. ஆக கூவல் அப்பவும் இருந்தது. கூவறதுக்கு சம்பளம் வாங்கற ஆள் வேற இருந்தாங்க, ஐயா கை கட்டி கம்பீரமா நின்னுக்கலாம். இன்னைக்கு அந்தத் தொடர்கள் எத்தனை மிச்சம்? சாணித்தாள் மாத நாவல்கள் எத்தனை மிச்சம்? எங்களை மாதிரி பொண்ணுங்க வெப்சைட்டில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எபிசோட் போட்டு, "யூடி எப்போ சிஸ்?"னு அடுத்த அத்தியாயத்தைக் கேட்கிற நாலு பேரை நம்பி எழுத வந்தோம். எங்களுக்கு வால்போஸ்டர் ஒட்ட யார் இருக்கா?

கணக்குக்கு வருவோம். 200 பக்க நாவல், விலை 220 ரூபாய்னு வச்சுக்கங்க. முதல் அச்சு 300 பிரதி. ராயல்டி 10 சதவீதம், ஒழுங்கா தர்றவங்களா இருந்தா. பிரதிக்கு 22 ரூபாய். 300-ம் வித்துத் தீர்ந்தா 6,600. பதிப்பாளரையும் முழுசா குறை சொல்ல மாட்டேன். கடைக்கும் விநியோகஸ்தருக்கும் 35, 40 சதவீதம் கழிவு போயிடும், கண்காட்சியில் வாசகருக்கு 10 சதவீதம் தள்ளுபடி கொடுக்கணும், அரங்க வாடகை தனி. இதுக்கு மேல என் நாவலுக்கு விளம்பரம் கொடுங்கன்னு கேட்க எனக்கே மனசு வராது. அரசு நூலகங்களுக்கு வாங்கற நூலக ஆணை கிடைச்சா மூச்சு விடுவார். காதல் காமெடி நாவலுக்கு நூலக ஆணையான்னு கேட்டா அவரே விழுந்து விழுந்து சிரிக்கிறார். நம்ம நகைச்சுவை அங்க மட்டும் நல்லா வேலை செய்யுது.

இது நல்ல பதிப்பாளர் கதை. என் முதல் நாவலுக்கு என்கிட்டயே காசு வாங்கினார் ஒருத்தர். பேர் வேண்டாம். அவர் கொடுத்த பட்டியலில் ஐஎஸ்பிஎன்ங்கிற புத்தக அடையாள எண்ணுக்குன்னு ஒரு தொகை இருந்தது. இந்தியாவில் அந்த எண் இலவசம். மத்திய கல்வி அமைச்சகத்துக்குக் கீழ ராஜா ராம்மோகன் ராய் பேரில் இருக்கிற ஏஜென்சி தருது, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். புதுசா எழுதறவங்க இதையாவது இந்தப் பதிவிலிருந்து எடுத்துக்கிட்டுப் போங்க. கேட்டதுக்கு "அது அலைச்சல் கூலி மேடம்"னார். உட்கார்ந்த இடத்தில் என்ன அலைச்சலோ. கடைசியில் புத்தகக் கட்டுகளை ஆட்டோவில் ஏத்தி எங்க வீட்டு வாசலில் இறக்கிட்டுப் போயிட்டார், பதிப்பிச்சாச்சாம். கட்டிலுக்கு அடியில் அடுக்கினோம். நல்ல எழுத்து தானே வாசகனைத் தேடிப் போகும்ங்கிற சங்கதி அந்தக் கட்டுகளுக்குத் தெரியல போல. அதுபாட்டுக்கு அங்கேயே கிடந்தது. பூனை குட்டி போட்டது அதுக்குப் பின்னாடி.

"அமேசான் கிண்டிலில் மின்னூலா போட வேண்டியதுதானே, யார்கிட்டயும் போய் நிக்க வேண்டாமே"ன்னு ஒரு அண்ணன் நேத்து சொன்னார். அண்ணா, அங்க இன்னும் அதிகமா நிக்கணும். அமேசானோட செலக்ட் திட்டத்தில் சேர்ந்தா 90 நாளைக்கு அந்த மின்னூலை வேற எங்கயும் வைக்கக் கூடாது. சேரலைன்னா இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி கிடையாது, 35 மட்டும்தான். சந்தா கட்டிப் படிக்கிற அன்லிமிடெட்டில் எத்தனை பக்கம் படிக்கிறாங்களோ அத்தனைக்குத்தான் காசு. வாசகி மூணாவது அத்தியாயத்தில் தூங்கிட்டா என் வருமானமும் அங்கேயே படுத்துடும். அது நியாயம், தூங்க விடாம எழுதறது என் பாடு. ஆனா அவ முதல் பக்கத்தைத் திறக்கணுமே? திறக்க, அப்படி ஒரு நாவல் இருக்கிறது தெரியணுமே? தெரியப்படுத்தத்தான் ஐயா அந்தப் பொண்ணு ரீல்ஸ் போடறா.

சொந்தக்காரங்க வேற. சமீபத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் என் சித்தி, "உன் கதையை ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிச்சேன்டி, சிரிச்சு சிரிச்சு சித்தப்பா முழிச்சிக்கிட்டார்"னாங்க. மனசு குளிர்ந்து போச்சு. எதில் படிச்சீங்க சித்தி? "நாத்தனார் பிடிஎஃப் அனுப்பினா." பக்கத்து இலைக்காரம்மாகிட்ட "எங்க அக்கா பொண்ணு, பெரிய ரைட்டர்"னு பெருமை வேற. பாயசம் வந்ததும் குரலைத் தாழ்த்தி, "ஃபேஸ்புக்ல புக் வாங்குங்க புக் வாங்குங்கன்னு போடறியே, ஒரு மாதிரி இருக்குடி. உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலையா?" காசு கொடுக்காம படிச்சவங்களுக்கு ஒரு மாதிரி இல்லை. காசு கொடுங்கன்னு கேட்ட எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கணும்.

டெலிகிராமில் புத்தகம் வந்த வாரமே பிடிஎஃப் ஏத்தறவங்க எவ்வளவு வேணா கூவலாம். அவங்களை யாரும் மேடையில் உட்கார வச்சு அறிவுரை சொல்றதில்லை.

"தன் எழுத்தைத் தானே தூக்கிப் பேசறது தமிழ் மரபு இல்லை அக்கா"ன்னு ஒரு தம்பி எழுதியிருந்தார். மரபா? 1920-ல் கடையத்திலிருந்து பாரதி ஒரு சுற்றறிக்கை அனுப்பினார், தன் கையெழுத்துப் பிரதிகளை அச்சடிக்கக் கடன் கேட்டு. தன் புத்தகங்கள் மண்ணெண்ணெய், தீப்பெட்டியை விட சாதாரணமா, வேகமா தமிழ்நாட்டில் பரவும்னு அதில் அவரே எழுதினார். இதை விட நல்ல ஒரு விளம்பர வரியை நான் இன்னும் எழுதல. பணம் வந்து சேரல, 1921-ல் மனுஷன் போயிட்டார். நல்ல எழுத்து வாசகனைத் தேடிப் போகத்தான் செஞ்சுது, எழுதினவர் போனதுக்கு அப்புறம். அவ்வளவு காலம் காத்திருக்க எனக்கு வசதி இல்லை, இந்த மாசம் கரண்ட் பில் கட்டணும்.

வை.மு. கோதைநாயகி அம்மாளை எடுத்துக்கங்க. அஞ்சு, ஆறு வயசில் கல்யாணம், பள்ளிக்கூடம் கிடையாது, முதல் நாடகத்தைச் சொல்லச் சொல்லத் தோழி எழுதிக்கொடுத்தாங்க. 1925-ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையைத் தானே எடுத்து நடத்தினாங்க, தன் நாவல்களைத் தானே அதில் போட்டாங்க. 115 நாவல். சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய், அங்கயும் எழுதினாங்க. அந்தம்மாகிட்ட யாராவது போய், கூவி விக்காதீங்க, உங்க எழுத்து தானே தேடிப் போகும்னு சொல்லியிருந்தா என்ன பதில் வந்திருக்கும்னு நினைச்சுப் பார்க்கிறேன்.

உடனே "நீயும் பாரதியும் ஒண்ணா?"ன்னு கேட்பீங்க. இல்லை. அடுத்த கேள்வி.

"அப்போ தரம்னு ஒண்ணு வேண்டாமா?" வேணும். குப்பையும் கூவித்தான் விக்குது, ஒத்துக்கிறேன். அதே கோலத்தை மிதிச்சு அதே மோதலில் ஆரம்பிச்சு அதே மொட்டைமாடியில் முடியற கதைகள் எங்க வட்டத்தில் கொட்டிக் கிடக்கு. ஆனா அந்தப் பொண்ணோட நாவல் அதில் ஒண்ணான்னு ஐயாவுக்குத் தெரியுமா? படிச்சாரா? மேடையில் அவரே சொன்னார், "நான் இதெல்லாம் படிக்கிறதில்லை"ன்னு. வீடியோவில் அந்த இடத்தை வெட்டிட்டாங்க, நேரில் இருந்தவங்களைக் கேளுங்க. படிக்காமலே தரம் தெரியற அந்த ஞானம் எனக்கும் இருந்தா எவ்வளவு நேரம் மிச்சம். கவிதைத் தொகுப்பிலும் குப்பை இருக்கு ஐயா. 700 பக்கத்தில், கெட்டி அட்டையில், பின்னட்டையில் நண்பரோட பாராட்டுரையோட வர்ற குப்பையும் இருக்கு. அந்தப் பாராட்டுரை மட்டும் கூவல் கணக்கில் வராது. வெளியீட்டு விழாவில் மாத்தி மாத்திப் பொன்னாடை போர்த்திக்கிறது, விருதுக் குழுவில் இருக்கிறவரோட நூலுக்கு நாலு இதழில் மதிப்புரை எழுதறது, இதெல்லாம் இலக்கியச் செயல்பாடு. நாங்க போனை நிமிர்த்தி வச்சு ரெண்டு வசனம் பேசினா சந்தைக் கடை.

கிண்டில் போட்டி நடந்த வருஷங்களில் என் இன்பாக்ஸில் வந்த தீவிர இலக்கிய அண்ணன்கள் எத்தனை பேர்! "சகோ, ஒரு ரேட்டிங், ரெண்டு வரி ரிவ்யூ." எல்லாருக்கும் போட்டேன். ஸ்க்ரீன்ஷாட் இருக்கு. போட மாட்டேன், பயப்படாதீங்க.

எல்லாரும் ரீல்ஸ் போட்டா இரைச்சலா இருக்கே? இருக்கு. ம்யூட் பட்டன் இருக்கு.

"ஐயா வயசுக்கு மரியாதை கொடுங்க"ன்னு சிலர். கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன், இந்தப் பதிவில் எத்தனை ஐயான்னு எண்ணிப் பாருங்க. அவர் எழுதின சிறுகதைகளில் ரெண்டு எனக்கு மனப்பாடம். அதனாலதான் வலிக்குது. தெரியாத ஆள் சொன்னா உதறிட்டுப் போயிருப்பேன்.

"உடனே பெண் எழுத்தாளர்னு ஆரம்பிக்காதீங்க." ஆரம்பிக்கல. ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். அதே மேடையில், அதே வரிசையில், த்ரில்லர் எழுதற ஒரு தம்பி இருந்தார். அவரும் ரீல்ஸ் போடறார். டிரோன் ஷாட் எல்லாம் வச்சு. அவர்கிட்ட ஐயா கேட்டது, "அடுத்த நாவல் எப்போ?"

கண்காட்சி அரங்கில் ஒரு தடவை நானே என் புத்தகத்துக்குப் பக்கத்தில் நின்னுக்கிட்டிருந்தேன். ஒரு பெரியவர் எடுத்தார். பின்னட்டையைப் படிச்சார், உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது, நான் பார்த்தேன். அப்புறம் அட்டையைத் திருப்பி என் பேரைப் பார்த்தார். "லேடீஸ் நாவலா?"ன்னு வச்சிட்டு, அகராதி எங்க இருக்குன்னு என்கிட்டயே கேட்டார். காட்டினேன். சிரிச்ச வாய் அது. சிரிச்சதை ஒத்துக்கத்தான் மனசு வரல.

சிரிக்க வைக்கிறது லேசான வேலைன்னு எவன் சொன்னான்? இங்கிலாந்தில் வோட்ஹவுஸ்ங்கிற நகைச்சுவை எழுத்தாளர் பேரில் நகைச்சுவை நாவலுக்கு ஒரு பரிசு இருக்கு. ஷாம்பெயின் தருவாங்க, ஒரு பன்றிக்கு ஜெயிச்ச நாவலோட பேரை வைப்பாங்க. 2018-ல் 62 புத்தகம் வந்தும் நடுவர்கள் எல்லாரையும் ஒருசேர சிரிக்க வச்சது ஒண்ணு கூட இல்லைன்னு அந்த வருஷம் பரிசையே கொடுக்கல. அவ்வளவு கஷ்டம். எங்க வட்டத்திலேயே கூட பொண்டாட்டியை அறையற ஆன்டி ஹீரோவுக்கு இருக்கிற மவுசு, பால் பாக்கெட் வாங்கப் போய் பாதி வழியில் பர்ஸை மறந்த என் ஹீரோவுக்கு இல்லை. பதிப்பாளர் வேற, "கொஞ்சம் அழுகை சேருங்க மேடம், காமெடி கனமா நிக்காது." அழ வச்சா எழுத்தாளர். சிரிக்க வச்சா பொழுதுபோக்கு. "ஆஸ்பத்திரியில் இருந்தப்போ உங்க கதைதான் ஆறுதல்"னு வர்ற மெசேஜை எல்லாம் இங்க ஆதாரமா கொண்டு வர மாட்டேன். அந்த மாதிரி மெசேஜ் எல்லாருக்கும் வரும். ஐயாவுக்கும் வரும்.

அந்தப் பொண்ணு ஏன் சிரிச்சான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. "அவளே சிரிச்சிட்டா, உங்களுக்கு ஏன் கோவம்?" வேற என்ன பண்ணுவா? 200 பேர் பார்க்க மேடையில் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டா, காமெடி எழுதறவளுக்கு ஒரு ஜோக்கைத் தாங்கற மனசில்லைன்னு அதையும் வீடியோவா போட்டிருப்பீங்க. அவ சிரிச்சிட்டு, மடியில் இருந்த தன் புத்தகத்தைத் திருப்பி, அட்டை கீழே இருக்கிற மாதிரி வச்சா. திரும்ப ஓட்டிப் பாருங்க.

கமெண்ட்டுக்கு ஐயாவோட சிஷ்யர்கள் வருவீங்க, தெரியும். வாங்க. வர்றதுக்கு முன்னாடி அவளோட ரெண்டாவது நாவலில் மாமியார் ஸ்கூட்டி ஓட்டக் கத்துக்கிற அத்தியாயத்தை மட்டும் படிச்சிட்டு வாங்க. காசு கொடுத்து வாங்கி. பிடிஎஃப் இருக்கான்னு கேட்டா பிளாக்.