பில் போட போன் நம்பர் கட்டாயமா? அந்த மெசேஜ் தப்புங்க

வேலூர்ல சத்துவாச்சாரி, காட்பாடி பக்கத்து வாட்ஸ்அப் குரூப்புங்கள்ல ஒரு மெசேஜ் சுத்துது, கடையில போன் நம்பர் குடுக்கலன்னா ஜிஎஸ்டி பில்லே செல்லாதுன்னு. அப்படி எதுவும் இல்லைங்க. பில்லுல என்னென்ன இருக்கணும்னு ஜிஎஸ்டி விதி 46-ல இருக்கு, அதுல வாங்குறவங்க போன் நம்பர் கிடையவே கிடையாது, 50,000 ரூபாயும் அதுக்கு மேலயும் போனா பேரும் அட்ரஸும் கேப்பாங்க, அவ்ளோதான்.

இன்னும் சொல்லப்போனா, நம்பர் தந்தாதான் பில்லுன்னு அடம்பிடிக்கறது முறையற்ற வணிகம்னு மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாசமே வணிக அமைப்புகளுக்கு சொல்லிடுச்சு. எங்கம்மா லாங் பஜார்ல ஒரு பொடவை எடுக்கப்போயி நம்பர சொல்லிட்டு வந்தாங்க, அதுலேர்ந்து தெனமும் ஆஃபர் மெசேஜ், போன் எடுக்கவே பயப்படறாங்க பாவம். நம்பர் குடுக்கறதும் குடுக்காததும் நம்ம இஷ்டம், "வேணாங்க, பில் மட்டும் போடுங்க"ன்னு தைரியமா சொல்லுங்க.

கடைக்காரங்க பில் தர மறுத்தா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு புகார் பண்ணலாம், விளம்பர போன் கால் வர்றத நிறுத்த 1909. அந்த மெசேஜ தயவுசெஞ்சு இனி யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க, அனுப்பினவங்களுக்கும் இத சொல்லிடுங்க.