ஆடாத ஆட்டத்துக்கு டிக்கெட்

கொரோனா காலத்தில் கிளப்புகளைத் தாங்கிப்பிடித்த ரசிகர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ஜெர்மனியின் லோகோமோட்டிவ் லைப்சிக் விடுபட்டது எனக்குப் பெரிய குறை. அப்போது நான்காம் பிரிவில் ஆடிய கால்பந்துக் கிளப் அது. 2020 மார்ச்சில் ஆட்டங்கள் நின்றதும் வாசலில் வரும் காசும் நின்றது. உடனே, மே 8 அன்று 'கண்ணுக்குத் தெரியாத எதிரி'யுடன் ஆட்டம் என்று அறிவித்து ஒரு யூரோவுக்கு டிக்கெட் விற்றார்கள். ஆட்டமே கிடையாது! 1,80,000-க்கும் மேல் விற்றுத் தீர்ந்தது.

வைத்த இலக்கு 1,20,000. அந்த எண்ணுக்குப் பின்னால் 1987 இருக்கிறது. ஐரோப்பியக் 'கோப்பை வென்றவர்கள் கோப்பை' அரையிறுதியில் பிரான்ஸின் போர்டோ (Bordeaux) அணியுடன் மோதிய இரவு அரங்கில் அத்தனை பேர் திரண்டார்கள் என்பது அந்த ஊர் நம்பிக்கை. பெனால்டியில் கடைசியாகப் பந்தை வலைக்குள் அடித்து வெற்றி தந்தவர் கோல்கீப்பர் ரெனே முல்லர். அந்த இரவை நினைத்துத்தான் எத்தனையோ பேர் பணம் கட்டியிருப்பார்கள்.

இதைக் கருணை என்று எழுதாதீர்கள், தயவுசெய்து. பழைய கிளப் திவாலானபோது 2003-இல் அதை மறுபடி தொடங்கியவர்களே ரசிகர்கள்தான். பதினோராம் பிரிவிலிருந்து ஏறி வந்தார்கள். தங்கள் வீட்டுக் கூரையைத்தான் தாங்கிப்பிடித்தார்கள்.