பிரேக் பிடிக்க முடியாத இடம்

மலைச்சரிவில் சைக்கிளில் பாய்கிறவனையும் அருவியில் கயாக்கோடு, அதாவது துடுப்புப் போடும் குறுகலான சிறு படகோடு, குதிக்கிறவனையும் நம்ம ஆட்கள் ஒரே கணக்கில் எழுதிவிடுகிறார்கள். வீடியோ வந்தால் போதும், இரண்டுக்கும் கீழே அதே "கொழுப்பு", அதே "வீட்ல சொல்லிட்டு வந்தியா தம்பி". நீலகிரிப் பக்கம் சுமாராக டவுன்ஹில் (மலைச்சரிவில் சைக்கிள்) ஓட்டுகிறவன், ரிஷிகேஷில் கயாக் பழகியவன் என்கிற அளவில் சொல்கிறேன். இரண்டும் ஒன்றில்லை.

சைக்கிளில் விழுந்தால் விபத்து சில விநாடிகளில் முடிந்துவிடும். தோள்பட்டை கழன்றிருக்கலாம், காலர் எலும்பு போயிருக்கலாம். ஆனாலும் தரையில் கிடப்பீர்கள், மூச்சு ஓடும், பின்னால் வருகிறவன் வந்து பார்ப்பான். ஆற்றில் படகை விட்டு வெளியே வந்த பிறகுதான் விபத்தே ஆரம்பிக்கிறது. ஒரு கனமீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. பாறைக்கும் உங்களுக்கும் நடுவில் அது வந்துகொண்டே இருக்கும், நீங்கள் சோர்ந்துபோனது அதற்குத் தெரியாது.

டவுன்ஹில்லில் கட்டுப்பாடு என்பது கடைசிவரை கையில் இருக்கிறது, நிஜமாகவே ஒற்றை விரலில். ஆள்காட்டி விரல் பிரேக் லீவரை விட்டு நகராது. வளைவுக்குள் போவதற்கு முன்பே வேகத்தைக் கொன்றுவிட வேண்டும். பாறைக் குவியலின் நடுவில் பயந்து முன் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள், ஹாண்டில்பாருக்கு மேலே பறப்பீர்கள். 2011இல் சுவிட்சர்லாந்தின் ஷாம்பெரியில் டவுன்ஹில் உலக சாம்பியன்ஷிப் நடந்தபோது மழை, சேறு. டேனி ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பையன் இரண்டாவதாக வந்தவரைவிட 11 விநாடிக்கு மேல் முந்தி ஜெயித்தான். ஒரு விநாடிக்கும் குறைவான வித்தியாசத்தில் பதக்கம் கைமாறும் போட்டி இது. எல்லாரும் பிரேக்கைத் தேடிய இடத்தில் அவன் விரலைத் தளர்த்தினான் என்றுதான் அந்த ஓட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

அதற்காக சைக்கிள் சாது என்று சொல்லவில்லை. அமெரிக்காவின் யூட்டாவில் நடக்கும் ரெட் புல் ராம்பேஜ் என்ற மலைச் சைக்கிள் போட்டியில் வீரர்களே மண்வெட்டியோடு நாள்கணக்கில் பாதை வெட்டுகிறார்கள். தான் தாவப்போகும் மேட்டைத் தானே கட்டுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்திலும் 2015இல் பால் பாசகோய்ட்டியா என்ற வீரருக்கு முதுகெலும்பு முறிந்து கால்கள் செயலிழந்தன. மறுபடி நடக்கப் பழக அவர் பட்டபாடு கொஞ்சநஞ்சமில்லை.

கயாக்குக்கு வருவோம். கவிழ்ந்தால் தலைகீழாகத் தண்ணீருக்குள் தொங்குவீர்கள். காதுக்குள் இரைச்சல், மூக்கில் தண்ணீர். உடம்பு கேட்பது ஒன்றே ஒன்று: தலையை மேலே தூக்கு. அதைச் செய்தால் கதை முடிந்தது. துடுப்பை நீர்மட்டத்தில் விரித்து, இடுப்பை வெட்டித் திருப்பி, முதலில் படகை நிமிர்த்த வேண்டும், தலை கடைசியில்தான் வெளியே வர வேண்டும். காற்றுக்குத் தவிக்கிற மனிதனிடம் "தலை கடைசியில்" என்று சொல்லிப் பழக்குவதுதான் இந்த விளையாட்டின் முதல் பாடமே.

அப்படியானால் பெரிய அருவிகளில் என்னதான் கட்டுப்பாடு? 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பாலூஸ் அருவியில் டைலர் பிராட் என்ற கயாக் வீரர் 189 அடி, அதாவது சுமார் 58 மீட்டர் இறங்கினார். துடுப்பு உடைந்தது, மணிக்கட்டு சுளுக்கியது, அவ்வளவுதான். அதே மனிதர் 2011இல் ஒரேகானின் அபிக்வா அருவியில், ஏறக்குறைய பாதி உயரத்தில், முதுகெலும்பை உடைத்துக்கொண்டார். உயரத்தை மட்டும் பார்த்து வாய் பிளக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மூக்கு கீழே பார்க்க, நுரை கலந்த தண்ணீருக்குள் படகு குத்தி நுழைந்தால் தப்பலாம். தட்டையாக விழுந்தால் அடி மொத்தமும் முதுகுத்தண்டுக்கு. அந்தக் கோணத்தை விளிம்பில் கடைசித் துடுப்புப் போடும்போதே தீர்மானித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு காற்றில் செய்ய முடிந்தது ரொம்பக் கொஞ்சம்.

இன்னொன்று, பாதை உங்களுடையது இல்லை. அமெரிக்காவில் வட கரோலினாவின் கிரீன் ஆற்றில் வருஷக்கணக்காகக் கயாக் பந்தயம் ஓடி, ஒவ்வொரு கல்லையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தவர்கள் உண்டு. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வெள்ளம் வந்து அந்தப் பள்ளத்தாக்கையே புரட்டிப்போட்டது. மனப்பாடமெல்லாம் வீண்.

பார்க்கப் பயமில்லாத இடம்தான் அதிகம் கொல்லும். நீருக்குள் சாய்ந்து கிடக்கும் மரம், அடிப்பக்கம் குடைந்த பாறை, குறுக்கே கட்டிய தாழ்வான தடுப்பணை. தடுப்பணைச் சுவரைத் தாண்டி விழுகிற தண்ணீர் அடியில் போய், மேல்மட்டத்தில் மறுபடி சுவரை நோக்கியே திரும்புகிறது. கரையோடு கரையாகச் சுவர் இருப்பதால் பக்கவாட்டிலும் வழி கிடையாது. தேர்ந்த கயாக்காரர்கள் அருவியில் குதிப்பார்கள், இதன் பக்கம் போக மாட்டார்கள். நம்ம ஊரில் தண்ணீர் வழியும் தடுப்பணைக்குக் கீழே குடும்பத்தோடு குளிக்கிறோம்.

ஆகவே என் கருத்து இதுதான்: சைக்கிளில் முடிவைப் பாதி வழியில் மாற்றலாம், ஆற்றில் முடிவு கரையிலேயே எடுக்கப்படுகிறது. இறங்கிப் பார்த்து, "இன்னிக்கு வேண்டாம்" என்று படகைத் தோளில் போட்டுக்கொண்டு பாறைமேல் நடந்து போகிறவனைப் பாருங்கள். கட்டுப்பாடு முழுசாகக் கையில் இருப்பவன் அவன்தான். ஆனால் அவனை யார் வீடியோ எடுக்கிறார்கள்? எடுத்தாலும் யார் லைக் போடுவார்கள்?

கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரிப் பக்கம் சாலிப்புழையில் மழைக்காலத்தில் கயாக் விழா நடக்கும். போங்க, கரையில் நின்று பாருங்க. குதிக்கிறவனை எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் கீழே, தண்ணீரில் சிக்கியவருக்கு வீசும் கயிற்றுப் பையைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்காமல் நிற்கிறவர்களைப் பாருங்க.

அக்கா பையன் இரண்டையும் கேட்கிறான். சைக்கிளுக்கு ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும் வாங்கிக் கொடுத்துவிட்டேன். கயாக்குக்கு முதலில் குளத்தில் கவிழ்ந்து நிமிரப் பழகட்டும், ஆற்றைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றிருக்கிறேன். என்மேல் கோபமாக இருக்கிறான். இருக்கட்டும்.