பாடசாலை வாசலில் கடைசி 200 மீற்றர்

"ரெண்டு பக்கமும் பார்த்துக் கடக்கோணும்" என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்றுதான் நம்மில் அநேகர் நம்புகிறோம். போதாது. பிரித்தானியாவின் ரோயல் ஹொலவே கல்லூரியில் ஜோன் வான் என்பவரின் குழு ஆரம்பப் பிரிவு வயதுப் பிள்ளைகளின் பார்வையைச் சோதித்தது. மணிக்கு 32 கிலோமீற்றருக்கு மேல் வரும் வாகனத்தை அவர்களால் சரியாக மட்டுக்கட்ட முடியவில்லை. தூரத்தில் வேகமாக வரும் வாகனத்தின் உருவம் கண்ணுக்கு மெல்ல மெல்லத்தான் பெரிதாகும். அந்தச் சின்ன மாற்றத்தைப் பிடிக்கிற அளவுக்குப் பிள்ளையின் பார்வை இன்னும் முதிரவில்லை. ஆக, சொன்னபடி பார்த்துக் கடந்த பிள்ளையும் அடிபடலாம். நமது இலங்கையில் ஊர்மனைக்குள் அனுமதித்த வேகமே மணிக்கு 50 கிலோமீற்றர்.

கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கிழக்குக் கரையோரத்தில் ஏ4 வீதி ஊர்களின் நடுவால்தான் போகிறது. 7 மீற்றர் அகல வீதியைக் கடக்கச் சின்னப் பிள்ளைக்கு ஏறத்தாழ 6 செக்கன் வேண்டும். 50இல் வரும் வாகனம் அதற்குள் 83 மீற்றர் வந்துவிடும். 30இல் வந்தால் 50 மீற்றர்தான். பாடசாலை விடும் நேரம் ஒரு வாசலைப் பாருங்கள். மதிலோடு வான்களும் ஆட்டோக்களும் வரிசையாக நிற்கும். தரம் 2 பிள்ளையின் தலை வானின் முன்கண்ணாடிக்குக் கீழேயே நின்றுவிடும். வீதியில் என்ன வருகிறது என்று பார்ப்பதற்கே அந்தப் பிள்ளை வானைத் தாண்டி வீதிக்குள் ஓரடி வைக்க வேண்டியிருக்கிறது.

இதைக் கண்டு பயந்து 500 மீற்றருக்கும் மோட்டார் சைக்கிளில் ஏற்றுகிறோம். அதனால் வாசலில் இன்னும் ஒரு வாகனம் கூடுகிறது, பக்கத்து வீட்டுக்காரரின் பயமும் கூடுகிறது. இங்கிலாந்தில் 1971இல் 7, 8 வயதுப் பிள்ளைகளில் 80 வீதமானோர் பெரியவர் துணையின்றிப் பாடசாலை போனார்கள். 1990இல் 9 வீதம். அமெரிக்காவில் 1969இல் ஏறத்தாழ 48 வீதமான பிள்ளைகள் நடந்தோ சைக்கிளிலோ போனார்கள். 2009இல் 13 வீதம். நாமும் அந்தப் பாதையில் கால் வைத்துவிட்டோம். பெயர் பெற்ற பாடசாலைக்கென்று ஊரின் மறுகோடிக்குப் பிள்ளையை அனுப்புகிறோம். நடப்பதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பதில் தூரமே முதற்காரணம் என்று ஆய்வுக்கு ஆய்வு சொல்கிறது.

பிள்ளையைப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்தும் தாய் தகப்பனுக்கு ஒரு செய்தி: டென்மார்க்கில் 2012இல் ஏறத்தாழ 20,000 மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், நடந்தும் சைக்கிளிலும் வந்தவர்களின் கவனம் மேலாக இருந்தது, காலையில் கிடைத்த அந்தப் பயன் 4 மணித்தியாலம் வரை நீடித்தது. அது காட்டியது தொடர்பை மட்டும்தான். இருந்தாலும் அலட்சியம் செய்யக்கூடியதல்ல.

அதிகாரிகளிடம் எதையும் கேட்பதற்கு முன், பிள்ளைகள் எதில் வருகிறார்கள் என்று கணக்கெடுங்கள். வகுப்பில் கை உயர்த்தச் சொல்லி ஐந்து நாள் தொடர்ந்து எண்ண வேண்டும். "வழமையா எப்படி வாறீங்க?" என்று கேட்டால் ஆசிரியருக்குப் பிடித்த பதில்தான் வரும். "இண்டைக்கு எதில வந்தீங்க?" என்று கேளுங்கள். திரும்பிப் போவதைத் தனியாகக் கேளுங்கள். காலையில் அப்பாவோடு வந்த பிள்ளை மதிய வெயிலில் நடந்துதான் போகும். கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும் வெயில் மாதத்தில் ஒரு தடவையும் மாரியில் ஒரு தடவையும் எண்ணாவிட்டால் கணக்கு பிழைக்கும். பெரும்பாலும் தவறுவது இங்கேதான்: வெள்ள நாளில் நடந்து வருகிற பிள்ளைகள்தான் முதலில் வராமல் நிற்பார்கள். வந்தவர்களை மட்டும் எண்ணினால் நடப்பவர்களே குறைந்துபோனதாகத் தெரியும். வராதோரையும் பதியுங்கள். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் வீதியைக் கடக்கிற இடத்தை ஒரு வரைபடத்தில் புள்ளி வையுங்கள். புள்ளிகள் குவிகிற இடமும் பாதசாரிக் கடவை இருக்கிற இடமும் ஒன்றாக இல்லாவிட்டால் கடவையைத்தான் நகர்த்த வேண்டும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் கதை வேறு. அங்கே சிக்கல் தூரம். பீகாரில் 2006இல் தொடங்கிய சைக்கிள் திட்டத்தால் இடைநிலை வகுப்பில் சேர்ந்த பெண் பிள்ளைகள் 32 வீதம் கூடினார்கள். பாடசாலை 3 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த கிராமங்களில்தான் பலன் கூடுதலாகக் கிடைத்தது. நன்கொடையாளர்களே, தரம் 6 பிள்ளைக்கு 26 அங்குலச் சைக்கிள் கொடுக்காதீர்கள். சீற்றில் இருந்தபடி இரண்டு முன்பாதமும் நிலத்தில் படவேண்டும். படாவிட்டால் நிறுத்தும்போது சரிந்து விழும். புத்தகப் பையை ஹாண்டிலில் தொங்கவிட்டால் சைக்கிள் ஒரு பக்கம் இழுக்கும், பின் கரியரில் கட்டவேண்டும். சைக்கிளோடு ஒரு ரியூப்பும் இரண்டு சோடி பிரேக் கட்டையும் கொடுங்கள். கிரவல் வீதியில் அவை தேயாமல் இராது. விடியலில் யானை நிற்கிற வழிக்கு மட்டும் சைக்கிள் தீர்வல்ல, அங்கே பஸ்தான் வேண்டும்.

கடிதம் எழுதுவோருக்கு: ஏ, பி வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி வீதி என்றால் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, மற்றவை பிரதேச சபைக்கோ நகர, மாநகர சபைக்கோ. இடம் மாறிப் போன கடிதம் மேசையிலேயே கிடக்கும். எச்சரிக்கைப் பலகை கேட்காதீர்கள். வேகத்தைக் கட்டாயமாகக் குறைக்கும் உயர்த்திய கடவையைக் கேளுங்கள்.

அது வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. நடப்பவர்களையும் சைக்கிள் பிள்ளைகளையும் முதலில் விடுங்கள். 10 நிமிடம் கழித்து வானில் போகிறவர்களை விடுங்கள். அந்த 10 நிமிடமும் வாசலின் இரு பக்கமும் 50 மீற்றருக்கு எந்த வாகனமும் நிற்கக் கூடாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஒரு தீர்மானமும், இரண்டு கூம்பும், கேற்றடியில் நிற்க இரண்டு பெற்றோரும் போதும், வருகிற திங்கட்கிழமையே தொடங்கலாம்.