ஆப்பரா நார்த்: நமக்கு ஏன் எப்போதும் பக்கத்து அரங்கு?

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து ஆப்பரா நார்த், பாட்டாலேயே கதை சொல்லும் ஆப்பரா நாடகங்களைப் போடும் கம்பெனி. அது ஒவ்வொரு சீசனுக்கும் இரண்டு வகை நிகழ்ச்சிகளை அறிவிக்கும். ஒன்று, கிராண்ட் தியேட்டரில் நடக்கும் பெரிய ஆப்பராக்கள். இன்னொன்று சமூக நிகழ்ச்சிகள்: பள்ளிகளில் இசை, யார் வேண்டுமானாலும் சேர்ந்து பாடும் குழுக்கள், ஒட்டியே இருக்கும் ஹோவர்ட் அசெம்பிளி ரூமில் பல நாட்டுக் கச்சேரிகள். இங்குள்ள நம் தமிழர்கள் வாட்ஸ்அப்பில் பகிர்வது பெரும்பாலும் இரண்டாவதைத்தான். என் சண்டையே அங்கேதான்.

சமூக வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. தெற்கு லீட்ஸ் தொடக்கப் பள்ளிகளில் 2013 முதல் அவர்கள் நடத்தும் 'இன் ஹார்மனி' திட்டத்தில் பிள்ளைகள் பள்ளி நேரத்திலேயே வாத்தியம் கற்கிறார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் வயலின் என்ற கணக்கை உடைத்த வேலை அது. 2020 ஊரடங்கில் வீட்டு சோபாவில் இருந்தபடியே கோரஸ் பாடவும் சொல்லிக் கொடுத்தார்கள். நல்லது. ஆனால் சமூகத்துக்குப் பட்டறை, பெரிய மேடை வேறு யாருக்கோ என்று பிரித்துவிட்டால் அது உபசாரம்தானே?

பிரிக்காமல் செய்ய முடியும் என்று அவர்களே காட்டியிருக்கிறார்கள். 2022 அக்டோபரில், சவுத் ஏஷியன் ஆர்ட்ஸ் யூகே அமைப்போடு சேர்ந்து 'ஆர்ஃபியஸ்' போட்டார்கள். இத்தாலிய இசையமைப்பாளர் மான்டெவெர்டியின் 1607-ஆம் ஆண்டு ஆப்பராவோடு, லீட்ஸில் வளர்ந்த சித்தார் கலைஞர் ஜஸ்தீப் சிங் தேகுனின் புது இசை. கதை தொடங்குவதே லீட்ஸ் வீட்டுப் பின்தோட்டத்தில் நடக்கும் ஒரு கல்யாணத்தில். ஹார்ப்சிகார்ட் என்ற பழைய ஐரோப்பியக் கட்டை வாத்தியமும் சித்தாரும் தபலாவும் சந்தூரும் ஒரே மேடையில். இறந்துபோன மனைவியைத் தேடிக் கணவன் கீழுலகம் போகிறான்; அந்த மனைவி யூரிடிஸியாகப் பாடியவர் கர்நாடக இசை கற்ற அஷ்னா சசிகரன். இத்தாலிய வரிகளுக்கு நடுவே தமிழும் ஒலித்தது. ஐரோப்பியப் பாடகர் வரியை முடிக்க, அதே வலியை இவர் ராகத்தில் எடுத்துப் போகும் இடங்களில் 'ஃப்யூஷன்' என்ற அலுத்துப்போன வார்த்தையே நினைவுக்கு வரவில்லை. யாரும் யாருக்கும் பக்கவாத்தியமாக இல்லை. பாட்டாலேயே கதை நடத்துவது கூத்துப் பார்த்து வளர்ந்த நமக்குப் புதுசா என்ன?

அடுத்த மாதமே இங்கிலாந்தின் கலை மானிய அறிவிப்பு வந்தது. வேல்ஸ் நாட்டுக் கம்பெனியான வெல்ஷ் நேஷனல் ஆப்பராவுக்கு இங்கிலாந்திலிருந்து வந்த மானியம் 35 சதவீதம் வெட்டு. அவர்கள் லிவர்பூல் போவதை நிறுத்தினார்கள். இன்னொரு ஆப்பரா கம்பெனியான கிளைண்ட்போர்னும் தன் இலையுதிர் காலச் சுற்றுப்பயணத்தைக் கைவிட்டது. ஆப்பரா நார்த் அந்தச் சுற்றில் தப்பித்தது. ஆனால் கை இறுகும்போது எந்தக் கம்பெனியும் 'லா போயெம்' மாதிரி எல்லோருக்கும் தெரிந்த பழைய ஆப்பராக்கள் பக்கம்தான் சாயும், 'ஆர்ஃபியஸ்' மாதிரியானவை கிடப்புக்குப் போகும் என்பதுதான் என் பயம்.

அதனால் இரண்டு பக்கமும் கேட்கிறேன். கம்பெனிக்கு: 'ஆர்ஃபியஸ்' ஒருமுறை செய்து பெருமைப்பட்டுக்கொள்ளும் விஷயமாக நின்றுவிட வேண்டாம். அடுத்த புது ஆப்பராவையும் இந்த ஊர்க் கலைஞர்களிடமே கேளுங்கள், பெரிய மேடைக்கே. நம்மவர்களுக்கு: அரங்கேற்றத்துக்கு மண்டபம் நிறைகிறது அல்லவா, அதில் பாதிப் பேராவது கிராண்டுக்கு வரலாம். மேலே திரையில் ஆங்கில வரிகள் ஓடும், மொழி தெரியாதே என்ற கவலை வேண்டாம். மாடி இருக்கைகள் விலை குறைவு, என்ன, கால் நீட்டத்தான் இடமிருக்காது. நியூகாசில், சால்ஃபோர்ட், நாட்டிங்ஹாம் பக்கம் இருப்பவர்கள் லீட்ஸ் வரவும் வேண்டாம், கம்பெனியே அங்கே வருகிறது. இலவசப் பட்டறைக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகிறவர்கள், அப்படியே மாலைக் காட்சிக்கும் டிக்கெட் எடுங்கள்.